சுத்தமான குழல்கள்

அன்று மழை பெய்ததா என்பது எனக்கு உறுதியாக நினைவில்லை. என் துப்பாக்கி சூடாக இருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் ஃபெசன்ட் பறவை வேட்டை. எனக்கும் நண்பர் டெஸ்மண்டுக்கும் நடுவில், கண் மங்கிய எங்கள் மூத்த நண்பர் ஓஸ்வால்ட் நின்றார். குறி தவறுவது தெரிந்தால் வேட்டையை விட்டு வீட்டோடு முடங்கிவிடுவார் என்று எங்களுக்குப் பயம். அதனால் அவர் துப்பாக்கியை உயர்த்தும்போதெல்லாம் எங்களில் ஒருவர் அதே நொடியில் பறவையைச் சுட்டுவிட்டு, அவர் சுட்டதாகச் சொல்லிவிடுவோம்.

"அஞ்சாவது பறவை. உங்களுதுதான், ஓஸ்வால்ட்" என்றேன்.

அவர் தலையாட்டினார்.

"இன்னும் அந்த மாடிக்கட்டில் துப்பாக்கிதானா?" என்றார், ஒன்றின்மேல் ஒன்றாக இருந்த என் துப்பாக்கியின் இரண்டு குழல்களைப் பார்த்து. "பக்கத்துல பக்கத்துல இருக்கணும்ப்பா. நடுவுல மடக்கித் திறந்தா ரெண்டு குழலும் ஒரே பார்வையில தெரிஞ்சிடும். எதையும் ஒளிக்க முடியாது."

சாப்பாட்டுக்குப் போகும் வழியில் வேலி குறுக்கிட்டது. ஓஸ்வால்ட் வழக்கப்படி துப்பாக்கியை மடக்கி, தோட்டாக்களை எடுத்துவிட்டு, என்னிடம் கொடுத்து ஏறினார். குழல்களுக்குள் பார்த்தேன். இரண்டும் கண்ணாடியாக மின்னின. கரி இல்லை, வெடிமருந்து வாடையும் இல்லை.

"நீங்க சுடவே இல்லையா?"

"கண்ணு போனதுமே நிறுத்திட்டேன். யார் மேலயாவது பட்டுட்டா? நீங்க ரெண்டு பேரும் ஆசையா ஏமாத்தறீங்க. அதைக் கெடுக்க மனசு வரல. டெஸ்மண்ட்கிட்ட சொல்லிடாதே."

ஓஸ்வால்ட் அடுத்த வசந்தத்தில் இறந்தார். அவரை ஏமாற்றிவிட்டோமே என்று டெஸ்மண்ட் இன்றும் வருந்துகிறார். நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.