ஆத்தா சொன்ன திசை

ஒரு மனிதன் தன் தொழிலைத் துறப்பது வாழ்வின் மாபெரும் தருணம். அதைத் தீர்மானிக்க மனச்சாட்சிக்கும் தெய்வத்துக்கும் மட்டுமே உரிமை உண்டு. ஸ்ரீதரனுடைய மாபெரும் தருணம், ஆட்டைத் தொலைத்த ஒரு பெண்ணுக்கும் பல்வலிக்காரர் ஒருவருக்கும் பின்னால் வரிசையில் நின்றுகொண்டிருந்தது.

கஹவத்தைக்கு மேலேயுள்ள அந்த ரப்பர் தோட்டத்தில், வெள்ளிக்கிழமை மாலைகளில் செல்லையாவின் மேல் காளியம்மன் இறங்குவாள். மற்ற நாட்களில் செல்லையா ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போவார். மழை பெய்தால் வெட்டு இல்லை, அன்றைய சம்பளமும் இல்லை.

ஆடு கிழக்கே மேய்வதாக அம்மன் சொன்னாள். பல்லுக்கு விபூதி கிடைத்தது. ஸ்ரீதரன் முன்னால் வந்து கைகட்டி நின்றான்.

“ஆத்தா, பெல்மதுளையில புதுசா வேலைக்குச் சேந்தேன். ஆபீஸ் வேலைன்னுதான் கூப்பிட்டாங்க. போய்ப் பாத்தா, மாணிக்கக்கல் முதலாளி வீட்டு கேட்டுல காவல்.”

“ஆபீஸ் எங்கடா இருக்கு?” என்று உறுமினாள் அம்மன்.

“கேட்டுக்கு உள்ள இருக்கு ஆத்தா. நான் வெளிய.”

கற்பூரத் தட்டோடு நின்ற செல்லையாவின் மனைவி மூக்காயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இவங்க அம்மா ஜீவராணி, மகன் மேனேஜருன்னுல்ல லயத்துல வீடு வீடா சொல்லிக்கிட்டுத் திரியுது!” என்றாள். அம்மன் வேப்பிலையை ஓங்கியதும் அடங்கினாள்.

ஸ்ரீதரனுக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்து ரொம்ப நாளாயிற்று. காலையில் கேட்டைத் திறப்பான், முதலாளியின் வான் வண்டி வெளியே போகும். மாலையில் திறப்பான், வான் உள்ளே வரும். இடைப்பட்ட நேரத்தில் தான் அங்கே இருந்தோமா என்பதுகூடச் சில நாட்களில் அவனுக்கு நிச்சயமில்லை.

“விட்டுட்டு வேற நல்ல வேலையாத் தேடலாமான்னு இருக்கு. ஆத்தாதான் சொல்லணும்.”

அம்மன் நாக்கைக் கடித்துச் சடையை விரித்து ஒரு சுற்று ஆடினாள். பிறகு சட்டென்று நின்றாள்.

“வேலை நின்னுக்கிட்டாடா, உக்காந்துக்கிட்டா?”

“கதிரை ஒண்ணு போட்டிருக்காங்க ஆத்தா.”

“மேல கூரை?”

“இருக்கு.”

“மத்தியானச் சோறு?”

“முதலாளி வீட்டுலயே குடுத்துருவாங்க. மீன் இல்லாத நாள் கெடையாது.”

“சிங்களம் நல்லாத் தெரியணுமோ?”

“முதலாளி மாத்தயா வீட்டுல இல்லன்னு சொல்லத் தெரிஞ்சா போதும்.”

“சம்பளத்துல ஈ.பி.எஃப். வெட்டுறாங்களா?”

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. “ஆத்தாவுக்குத் தெரியாதது என்னதான் இருக்கு!” என்றார் பல்வலிக்காரர், வாயைப் பொத்தியபடியே.

“வெட்டுறாங்க ஆத்தா.”

அம்மன் கண்ணை மூடிப் பெருமூச்சு விட்டாள். தெய்வத்தின் பெருமூச்சு ஆனதால் அது கொஞ்சம் நீளமாகவே இருந்தது.

“விட்டுருடா! நாளைக்கே விட்டுரு! உனக்கு ராஜயோகம் வடக்கே இருக்கு!”

“வடக்கேயா?” ஸ்ரீதரன் தயங்கினான். “அங்க சண்டை நடக்குதுல்ல ஆத்தா?”

“அவ்வளவு தூரம் உன்னை எவன்டா போகச் சொன்னான்? மாவனல்லை வரைக்கும் போ, போதும்!”

மறுநாள் ஸ்ரீதரன் தொப்பியையும் சட்டையையும் மடித்துக் கொடுத்துவிட்டு, வேலையை விடுவதாகச் சொன்னான். முதலாளி தலையை நிமிர்த்தாமலே “ஹரி, ஹரி” என்று சிங்களத்தில் சரி சொன்னார். ஜீவராணி லயத்தில் போய், மகனுக்கு மாவனல்லைக்கு டிரான்ஸ்பர் வந்துவிட்டதாகச் சொன்னாள்.

மாவனல்லையில் ராஜயோகம் எந்தக் கடையில் இருக்கிறதென்று அம்மன் சொல்லியிருக்கவில்லை. துணிக்கடை மக்கீன் முதலாளி, “வேலைக்கு ஆளெல்லாம் நிறைய ஈக்கி மகன். நோன்பு நேரம் வந்து பாருங்களேன்” என்றார். பேக்கரியிலும் அரிசிக்கடையிலும் அதைவிடச் சுருக்கமாகச் சொன்னார்கள். தெரிந்தவர் ஒருவரின் கடை மாடியில் படுத்துக்கொண்டு கேகாலை வரை அலைந்து பார்த்தான். ஏமாற்றம்கூட வரவில்லை. பசி மட்டும் தவறாமல் வந்தது.

கடைசியில் ஒரு மத்தியானம் பெல்மதுளையில் பஸ்ஸை விட்டு இறங்கினான். அந்தக் கேட்டையே திரும்பக் கேட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை. காலில் விழ வேண்டியிருந்தால் விழலாம்; காலும் தலையும் மரத்துத்தான் கிடந்தன.

மழை கொட்டிக்கொண்டிருந்தது. கேட்டருகே கூரைக்குக் கீழே, கதிரையில், புதிய காவல்காரர் ஒருவர் சாய்ந்திருந்தார். முடியை ஒட்ட வெட்டி, தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்து விட்டிருந்தார். பக்கத்தில் கழுவிக் கவிழ்த்த சோற்றுக் கோப்பை.

“அண்ணே, முதலாளியைப் பாக்கணும். இந்த வேலை விசயமாத்தான்…” என்றான் ஸ்ரீதரன், மழையில் நின்றபடி.

காவல்காரர் தொப்பியைக் கொஞ்சம் தூக்கி அவனைப் பார்த்தார்.

“மாவனல்லையில ஒண்ணும் சரிவரலியாடா?”

காக்கிச் சட்டை அம்மனுக்கு வயிற்றுப் பக்கம் இறுக்கமாக இருந்தது.