இடப்பக்கம் மட்டும்

குப்புறப் படுத்திருந்த ஃபிலிபோவின் கழுத்தில் தேங்காய் எண்ணெய் விட்டு நீவினாள், ஊரில் சுளுக்கு எடுத்துவிடும் பெனினா.

“அப்பியா சந்தைக்குச் சேம்பு சுமந்தே கழுத்து போச்சு” என்றாள் அவன் அம்மா.

“சுமைன்னா ரெண்டு தோளும் இறுகியிருக்கும்மா. இவருக்கு இடது தோள்பட்டையில மட்டும்தான் முடிச்சு. எதையோ இடப்பக்கமே திரும்பிப் பார்க்கறாரு.”

“சர்ச்சுல பாடறப்பதான். பாட்டு நடத்தறவரு எதிர்ல நிப்பாரு, இவன் கண்ணு பொம்பளைங்க வரிசையில இருக்கும்!”

பெனினா சிரித்துவிட்டாள். “அங்க யாரைப் பார்க்கறீங்க?”

ஃபிலிபோ பாயில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

“ஜன்னலோரமா நிக்கிறவளை” என்றாள் அம்மா. “அவளுக்குத்தான் இன்னும் தெரியல.”

பெனினாவின் கை அப்படியே நின்றது. பிறகு மறுபடி எண்ணெய் ஊற்றிக்கொண்டாள்.

“வர்ற ஞாயித்துக்கிழமை பாட்டு நடத்தறவர் பக்கத்துல வந்து நிக்கறேன். இனிமே நேராவே பாருங்க.”