நடுவில் எழ முடியாத விளையாட்டு

காலையில் எழுந்து பல் தேய்த்தேன். பால் காய்ச்சினேன். காபியோடு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, சாம்ராஜ்யம் கட்டும் விளையாட்டுகளில் புதிதாக ஏதும் வந்திருக்கிறதா என்று தேடினேன். என் மனைவி பொன்மணி இறந்த இந்த நான்கு மாதங்களில் பதினொரு விளையாட்டுகளை ஏற்றிப் பார்த்து அழித்திருக்கிறேன்.

மணியாச்சி ஸ்டேஷனுக்கு வேலைக்குப் போகும் வழியில் அவள் தம்பி ஹரி வீட்டுக்கு வந்தான். கடைசியாக ஒரு விளையாட்டைச் சொல்லிவிட்டுப் போனவன் அவன்தான்.

"இதையும் தூக்கிட்டீங்களா அத்தான்? இந்நேரம் பாஞ்சாலங்குறிச்சியையே ரெண்டு தடவை பிடிச்சிருக்கலாம். உங்களுக்கு எப்படித்தான் வேணும்?"

"நடுவுல எந்திரிக்க முடியாத கேம் வேணும்."

சிரித்தான். "மாறி மாறி ஆடுற கேம்ல அது எங்கன கிடைக்கும்? நம்ம முறை வந்துட்டா, நாம தொடுற வரைக்கும் எதிரிப்படை அசையாது. ஊருக்குப் போயிட்டு வந்தாலும் அப்படியே நிக்கும்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா தேடுதீங்க? எதுக்கு?"

நான் மவுஸை விட்டுக் கையை எடுத்தேன். அவன் சிரிப்பு நின்றது. திரையைப் பார்த்தான். பத்தடி தள்ளி, பொன்மணி இறந்து கிடந்த கட்டிலைப் பார்த்தான்.

"அக்காவுக்கு நெஞ்சு வலி வந்தப்ப நீங்க கடைக்குப் போயிருந்ததாத்தான சொன்னீங்க?"

"போகல. இந்த நாற்காலியிலதான் இருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போவோமான்னு கேட்டா. நடுவுல எந்திரிக்க முடியாதுன்னு சொன்னேன்."

ஹரி என் சட்டையைப் பிடித்தான்.

"அதுக்கு அக்கா என்ன சொன்னா?"

நான்கு மாதமாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன்.

"'சரி, பதறாதீங்க. அந்தக் கோட்டையப் பிடிச்சிட்டே வாங்க. நான் அங்கன படுத்திருக்கேன்.'"