முள்ளங்கியார் சாலையைக் கடக்கிறார்

திரையில் ஆளுயர முள்ளங்கி ஒன்று குளியல் தொட்டியிலிருந்து எழுந்து, தாதாவின் நெற்றியில் துப்பாக்கியை வைத்தது.

அரங்கமே சிரித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நெமோத்தோ ஐயா மட்டும் சிரிக்கவில்லை.

"நம்ம முள்ளங்கியார்தான்," என்றார் என் காதருகில். "எடது பக்க இலையில தையல் போட்டிருக்கு பாரு."

நாங்கள் இருவரும் போக்குவரத்துக் காவலர்கள். சாதாரண உடையில் வந்திருந்தோம்.

பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய், சாலையை எப்படிக் கடப்பது என்று பிள்ளைகளுக்கு ஆடிக் காட்டுவாரே, அந்த முள்ளங்கியாரின் வேஷம் இலையுதிர் காலத்தில் எங்கள் கிடங்கிலிருந்து காணாமல் போனது. காவல் நிலையத்திலேயே திருட்டு. ஊரே எங்களைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. வசந்தத்தில் ஓய்வு பெறப்போகும் ஐயாவுக்கு அது பெரிய தலைகுனிவு.

"முள்ளங்கியா நடிச்சது யாருன்னு கடைசில பேர் போடுவான். அதுவரைக்கும் எந்திரிக்கக் கூடாது."

எங்கள் ஊரில் அதைச் சொல்லவே வேண்டாம். கடைசிப் பெயர் ஓடி முடிந்து விளக்கு எரியும்வரை யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். தீப்பிடித்தாலும் பெயர்கள் முடியட்டும் என்றுதான் உட்கார்ந்திருப்பார்கள்.

வேஷத்தைத் தூக்கிக் கொடுத்தது நான். உள்ளே இருந்ததும் நான்.

பல வருஷமாக அதற்குள் வேர்த்து வழிய நின்று, வலது, இடது, மறுபடி வலது பார்த்து, கையை உயர்த்திக் காட்டியிருக்கிறேன். ஒரே ஒரு தடவையாவது முள்ளங்கியார் யாரையாவது சுட வேண்டும் என்று எனக்கு ஆசை. கூடப் படித்த ஹிரோமு படம் எடுக்கப்போகிறேன் என்று வந்து நின்றபோது அந்த ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

ஐயாவுக்கும் வேஷத்தின் மேல் ஒரு கண் உண்டு என்று நிலையத்தில் கேலி பேசுவார்கள். வரத் தேவையே இல்லாத பள்ளிகளுக்கெல்லாம் வந்து, ஓரமாக நின்று, என்னோடு சேர்ந்து வலது, இடது என்று உதட்டை அசைப்பார். ஆனால் அதிகாரி முள்ளங்கிக்குள் புகுந்தால் நன்றாகவா இருக்கும்?

என் பெயரைப் போட்டுவிடாதே என்று ஹிரோமுவிடம் கெஞ்சியிருந்தேன். நேற்று போனில் கேட்டால், "போட்டேனா, போடலையான்னு ஞாபகமில்ல ஓகுனி. படத்தைப் பாரு, தெரிஞ்சிடும்" என்கிறான். பாவி.

படமோ நன்றாக இருந்து தொலைத்தது.

செத்த தாதா ஆவியாக வந்து, வாரிசைத் தேர்ந்தெடுக்கப் பாட்டுப் போட்டி வைத்தார். அடியாட்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வரிசையாகக் காதல் பாட்டுப் பாடினார்கள். நடுவில் ஒரு சாமுராய் நுழைந்து, வேறு படத்துக்குப் போக வேண்டியவன் என்று மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனான்.

கூலிக்குக் கொலை செய்யும் முள்ளங்கியாருக்கு ஓதென் என்ற கொதிகுழம்பு விற்கும் கடைக்காரி மேல் காதல். அவள் பானையில் கொதித்துக்கொண்டிருந்ததெல்லாம் அவருடைய சொந்தக்காரர்கள். வட்ட வட்டமாக நறுக்கிய முள்ளங்கிகள், முட்டைகளோடும் மீன் உருண்டைகளோடும். அந்தப் பானையை முள்ளங்கியார் குனிந்து வணங்கியபோது முன்வரிசைக் கிழவர் மூக்கை உறிஞ்சினார். நடித்த நானே கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

சிவப்பு விளக்கில் முள்ளங்கியார் குறுக்கே பாய்ந்து ஓடியபோது ஐயா கண்களை மூடிக்கொண்டார். போதும் போதும் என்று ஹிரோமு சொல்லியும், அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப எடுக்கச் சொன்னது நான்தான். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

கடைசிக் காட்சி. கடைக்காரியைக் கடத்திக்கொண்டு கார் பறக்கிறது. அடியாட்கள் சுட்டுக்கொண்டே துரத்த, முள்ளங்கியார் தெருமுனைக்கு ஓடி வந்தார்.

தரையில் வெள்ளைக் கோடுகள்.

நின்றார். வலது பார்த்தார். இடது பார்த்தார். மறுபடி வலது. கையை நேராக உயர்த்தினார். குண்டுகள் இலைகளைப் பிய்த்துக்கொண்டு போக, கோட்டுக்குள்ளேயே நிதானமாக நடந்து கடந்தார்.

அரங்கம் அதிர்ந்தது. கிழவர் சிரித்துச் சிரித்து இருமினார்.

நான் சிரிக்கவில்லை. அது நான் இல்லை. அன்றைக்கு எனக்குச் சந்தியில் பணி, வர முடியாது என்று சொல்லியிருந்தேன். வேறு ஆள் கிடைத்துவிட்டார் என்று ஹிரோமு அத்தோடு பேச்சை முடித்திருந்தான்.

சிவப்பில் ஓட வேண்டிய கொலைகாரனைக் கோட்டில் நிற்க வைத்தது யார்? துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவிலும் இரண்டாம் தடவை வலது பக்கம் பார்க்க யாருக்குத் தோன்றும்?

திரும்பிப் பார்த்தேன். இருட்டில் ஐயாவின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. வலது கை மடியிலிருந்து பாதி எழும்பி நின்றது.

பெயர்கள் ஓடத் தொடங்கின. யாரும் அசையவில்லை. நாங்களும்தான்.

தாதா, ஆவி, சாமுராய், கடைக்காரி. பிறகு வந்தது.

முள்ளங்கியார்: பெயர் வேண்டாம் என்றவர்.

முள்ளங்கியார், சாலையைக் கடக்கும் காட்சியில்: விசாரிக்க வந்தவர்.

விளக்கு எரிந்தது. ஐயா கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியை வெகுநேரம் துடைத்தார்.

"செவப்புல ஓடினது யாருன்னு தெரியலியே, ஓகுனி."

"கோட்டுல நின்னது யாருன்னும் தெரியல, ஐயா."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"வெசாரணை முடியல," என்றார். "நாளைக்கு மறுபடி வந்து பாக்கணும்."