நான்காம் மாடிக்கான சோதனை

தைபேயில் லிஃப்ட் மென்பொருளைச் சோதிக்கும் யீஜுன்னுக்கு மண்டை காய்ந்தது. மருத்துவமனை லிஃப்டுக்கான புதிய பதிப்பு அன்றே போயாக வேண்டும். பழைய சோதனைகளை மறுபடி ஓட்டியதில் ஒன்று மட்டும் தேறவில்லை: “லிஃப்ட் நான்காம் மாடியில் நிற்க வேண்டும். நாற்பத்தெட்டு கிலோ ஏற வேண்டும்.”

“ஹுங் அண்ணே, அந்த ஆஸ்பத்திரியில மூணுக்கு அப்புறம் அஞ்சுதானே! நம்ம சீனத்துல நாலுன்னா சாவுன்னு காதுல விழும்னு எவனும் அந்த நம்பரே வைக்கிறதில்ல.”

“பழைய சோதனையில கை வைக்காதம்மா. இத்தனை வருஷமா தேறினதுதானே?” என்றார் குழுவின் மூத்தவர் ஹுங்.

“இல்லாத மாடியில யாரு ஏறுவா, உங்க மாமியாரா?” என்று எரிந்து விழுந்தவள், அந்தச் சோதனையை அழித்துவிட்டுப் பதிப்பை அனுப்பினாள்.

மறுநாள் காலையில் மருத்துவமனை நர்ஸ் போனில் கத்தினாள். “மூணுக்கும் அஞ்சுக்கும் நடுவுல லிஃப்ட் கொஞ்சம் நின்னுதானே போகும்? அதை ஏன் எடுத்தீங்க? சுவருக்குள்ள இருந்து தட்டுற சத்தம் தாங்கல!”

யீஜுன் பல்லைக் கடித்துக்கொண்டு பழைய பதிப்பைத் திரும்ப ஏற்றினாள். நர்ஸ் பெருமூச்சு விட்டாள்.

“தட்டுறது நின்னுடுச்சு. நடுவுல ஏறினவங்க, இவ்வளவு நேரம் காக்க வெச்சது யாருன்னு கேக்குறாங்க. உங்க பேரைச் சொல்லட்டுமா?”