கேட்காத கொசுறு

“ஒருவாட்டி வாயத் தொறந்து கொசுறு கேட்டா இன்னா, கிரீடம் எறங்கிடுமா?” என்பான் காய்கறி வண்டிக்கார வேதமுத்து. “கேட்டு வாங்குனா அது கொசுறாய்யா?” என்பாள் அமுதவல்லி. அவனே சிரித்தபடி ஒரு கொத்துக் கறிவேப்பிலையை அவள் பையில் செருகிவிடுவான். அப்போதும் இருவரும் தனியாள்தான், இப்போதும்.

கால்வாய்க்கரை வீடுகளை இடித்து, ஊருக்கு வெளியே எட்டு மாடிக் குடியிருப்புக்கு அமுதவல்லியையும் அக்கம்பக்கத்தாரையும் அனுப்பி ஒன்பது வருடமாகிறது. அங்கே ஒரு காய்கறி வண்டிகூட வந்ததில்லை. பெட்டிக்கடைச் சிப்ஸைத் தின்றே பிள்ளைகள் வளர்ந்தன. போன மாதம்தான் ஓர் அறக்கட்டளை, காய்கறி விற்கப் பேட்டரி வண்டி வாங்க நிதி தருவதாகச் சொன்னது. வண்டி ஓட்டப்போகிறவர் பெயரை இன்று மாலைக்குள் எழுதித் தராவிட்டால் அது வேறு குடியிருப்புக்குப் போய்விடும். மகளிர் குழுத் தலைவியான அமுதவல்லி, மற்றவர்கள் சொன்ன பெயர்களையெல்லாம் தள்ளிவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்து பழைய தெருவில் அவன் வண்டி முன்னால் நின்றாள்.

வேதமுத்துவுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. அவளைப் பார்த்ததும் கால் கிலோ தக்காளி நிறுத்துப் பையில் போட்டான். கை தானாகக் கறிவேப்பிலைப் பக்கம் போய், பாதியில் நின்றது. அவள் முகத்தையே பார்த்தான்.

பெயர் எழுதாத விண்ணப்பத்தை அமுதவல்லி தக்காளி மேல் வைத்தாள்.

“கேக்குறேன்யா,” என்றாள். “எங்கூட வந்துடு.”