பெத்தவங்க மட்டும்

"பையன் கிரவுண்டுல விழுந்துட்டான்மா. சட்டைக் காலர்ல இந்த போன் நம்பர் இருந்துச்சு. உடனே வாங்க," என்றது ஆஸ்பத்திரிக் குரல்.

அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினாள். "பெத்தவங்க மட்டும்தான் உள்ள," என்று உள்ளூர்ப் பெண் ஒருத்தியைத் தடுத்துக்கொண்டிருந்த காவலாளி, இவளுடைய விலையுயர்ந்த உடையைப் பார்த்ததும் கதவைத் திறந்துவிட்டார்.

"காப்பாத்த முடியலைம்மா," என்று டாக்டர் துணியை விலக்கினார்.

ஏழாம் நம்பர் ஜெர்சி அவள் மகனுடையதுதான். காலரில் இருந்ததும் அவள் கையெழுத்துதான். முகம் வேறு.

பிழைக்க வந்த நாட்டில் அவளைப் போன்றவர்கள் சேர்ந்து நடத்தும் கிளப், உள்ளூர்ச் சிறுவர்களின் கால்பந்து அணிக்குப் பழைய ஜெர்சிகளைக் கொடுத்திருந்தது. துவைத்து மடித்துக் கொடுத்தவளே அவள்தான்.

"அப்பாடா, இவன் என் பிள்ளை இல்ல," என்றாள். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வாசலில் இன்னும் நின்றுகொண்டிருந்த அந்த உள்ளூர்ப் பெண் காவலாளியைக் கேட்டாள்: "இப்பவாவது நான் உள்ள போலாமாங்க?"